கமலாவின் மூக்குத்திக் கல்

9-1-74
கடும் பனி. எலும்பு பொறுக்கப் போனோம், நானும் மச்சினன் டில்லியும். என் கமலாவின் மூக்குத்தித் திருகு கிடைத்தது, கறுத்துப்போய். வைரம் இல்லை.

மூக்கு வீங்கி, எரிக்கும் முன் மூக்குத்தியைக் கழற்ற முடியவில்லை. "உடுங்க மாமா, அக்காக்கு வலிக்கும்" என்றவன் டில்லிதான். செத்தவளுக்கு வலிக்குமாம். இன்று அவனே, சுடுகாட்டில் பிணம் எரிக்கிற மாரியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கல்லு இன்னாடா ஆச்சு? வைரம் எரியுமா?"

மாரி, "சாமி சத்தியமா நா எடுக்கல."

10-1
காக்களூர் கம்பெனி. மோட்டாருக்கான கார்பன் கட்டை அறுப்பு. கையெல்லாம் கரி. சோப்பு தீர்ந்தது, வாங்க.

இந்தக் கட்டை கிராஃபைட்; அதில் அணுக்கள் அடுக்கடுக்காக. அடுக்குக்குள் பிடி கெட்டி, அடுக்குகளுக்கு நடுவே லேசு. வழுக்கிக் கையோடு வந்துவிடும். வைரமும் இதே கார்பன். ஆனால் ஒவ்வோர் அணுவும் சுற்றிலும் நாலு அணுவை இறுகப் பிடித்திருக்கும், நழுவ வழியில்லை. அதனால் அந்தக் கடினம். அதுவும் கீறலைத் தாங்கத்தான். கடும் நெருப்பும் காற்றும் சேர்ந்தால் வைரமும் கரி போலவே எரிந்து காற்றோடு போய்விடும். மாரி எடுக்கவில்லை. எரிந்துபோயிருக்கும்.

மத்தியானம் ரசத்தில் பெருங்காயம், அப்படியே அவள் கை அளவு. வைத்தது நான். பயந்துவிட்டேன்.

11-1
டில்லி நாளை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறானாம். மாரிக்கு அடி நிச்சயம். "மொதல்ல கம்பெனிக்கு வா, அப்புறம் எங்க வேணா போ" என்றேன். முறைத்தான். வருவான்.

முகம் கழுவும்போது கண்ணாடியில் பின்னால் ஒரு மினுக்கு, மூக்கு உயரத்தில். திரும்பினேன். வெறும் சுவர்.

12-1
சாணைக்கல்லைச் சீர்செய்யும் கருவியிலிருந்து தேய்ந்த வைரத் துணுக்கு ஒன்று. பீங்கான் தட்டில் வைத்து கம்பெனி உலைக்குள். கதவு கொஞ்சம் திறந்து, காற்று போக. டில்லி நாஷ்டாகூடத் தின்னாமல் காவல்.

சாயங்காலம் தட்டு காலி. சாம்பல்கூட இல்லை.

"எங்க மாமா பூட்ச்சி?"

"காத்துல."

"அக்காவுதும்?"

தலையாட்டினேன். சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

13-1
தெருவெல்லாம் போகிப் புகை. மூச்சு விடவே யோசனை.

சுடுகாட்டுக்குப் போனேன். மாரி சல்லடையோடு குந்தி, அவளை எரித்த இடத்தைச் சலித்துக்கொண்டிருந்தார். கல் எரிந்துபோச்சு, உங்கள் மேல் தப்பில்லை, டில்லியும் வரமாட்டான், எல்லாம் சொன்னேன்.

"சரி சார். எதுக்கும் இன்னொரு தபா பாத்துடறேன்."

கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாம்பலில் கையை விட்டேன்.