மார்பில் ஒட்டிய மருந்தும் அமலராணியும்

அன்பு மகள் ரிஃபானாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் பாலக்கரை வீட்டில் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

நெஞ்சுவலிக்கு டாக்டர் முதலில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் எனக்கு மண்டை பிளப்பதுபோல் தலைவலி வந்தது, நம் வளையல் கடையில் வளையல் சத்தமே தாங்கவில்லை. உனக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் நிறுத்திவிட்டேன். நீ கேட்டபோதெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொன்னது பொய்தான். வலி கூடிய பிறகு டாக்டரிடம் சொன்னேன், அதே வகை மருந்தை மார்பில் ஒட்டுகிற பேட்ச்சாக மாற்றினார், பிளாஸ்திரி மாதிரி இருக்கும். காலையில் ஒட்டி ராத்திரி எடுத்துவிடச் சொன்னார். தலைவலி வெகுவாகக் குறைந்தது, வலியும் இல்லை. இவ்வளவு நல்ல மருந்தை எதற்குப் பிய்த்துப் போடவேண்டும் என்று நானாகவே மறுநாள் குளிக்கும்வரை விட்டுவைத்தேன். இரண்டு வாரத்தில் மறுபடி வலி எட்டிப் பார்த்தது, அதையும் மறைத்தேன்.

போன வியாழக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்கு வளையல் கொடுக்க ஸ்ரீரங்கம் போனேன். ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்கி நாலு அடி வைத்ததும் நெஞ்சை அமுக்கிப் பிடித்தது, வேர்த்துக் கொட்டியது. பையிலிருந்து இன்னொரு பேட்ச்சைப் பிரிக்கும்போது, பட்டுப்புடவையில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அது வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும் பாய், நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை இருக்கா?" என்றாள். அவசரத்துக்கு என்று டாக்டர் கொடுத்தது சட்டைப்பையில் இருந்தது, ஒருநாளும் தொட்டதில்லை. "நின்னுக்கிட்டு வைக்காதீங்க, தலை சுத்திடும்" என்று என்னைக் கடைப்படியில் உட்காரவைத்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் செய்து, தானும் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து 108க்குப் போன் செய்தாள். சில நிமிடத்தில் வலி இறங்கியது. ஆனாலும் விடவில்லை, கூடவே ஆம்புலன்ஸில் ஏறினாள். பெயர் அமலராணி, நர்ஸாம்.

வழியில் ஒரே கேள்விதான் கேட்டாள், "பேட்ச்ச எப்ப கழட்டுவீங்க?" மறுநாள் குளிக்கும்போதுதான், உடனே புதுசு ஒட்டிவிடுவேன் என்றேன். திட்டவில்லை, ஆஸ்பத்திரி டாக்டரிடம் அதை முதல் வேலையாகச் சொன்னாள். இந்த மருந்து இடைவிடாமல் உடம்பில் இருந்தால் உடம்பு பழகிப்போய் அது வேலை செய்யாதாம், மாத்திரையானாலும் பேட்ச்சானாலும் தினம் சில மணி நேரம் ஓய்வு வேண்டுமாம், ராத்திரி எடுக்கச் சொன்னது அதற்குத்தானாம். எனக்கு இது தோன்றவே இல்லை, அந்தப் பெண்ணோ ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள், இதயத்துக்குப் புதிதாகச் சேதமில்லை. மாத்திரையா பேட்ச்சா என்று என்னையே கேட்டார் டாக்டர், பேட்ச்சே போதும் என்றேன், இப்போது அம்மாதான் ராத்திரி எடுக்கிறாள்.

அன்று அமலராணியின் தங்கைக்கு நிச்சயதார்த்தமாம். உன் அம்மா வந்து சேரும்வரை அவள் என் கட்டிலை விட்டு நகரவில்லை, அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா அவள் கையைப் பிடித்து அழுததற்கு, "தங்கச்சி கோவிச்சுக்குவா, நாளைக்குச் சரியாயிடுவா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாளாம். இப்படி ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

பதறி டிக்கெட் போடாதே, அங்கே எழுதும் உன் பரீட்சையை முடித்துவிட்டே வா. மாப்பிள்ளைக்கு சலாம் சொல். அமலராணிக்கு நீயும் இரண்டு வரி எழுது. அல்லாஹ் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். இனி நீ கேட்டால், தலை வலித்தால் வலிக்கிறது என்றே சொல்வேன்.

உன் அத்தா,
கலீல்