பிளக் யார் கையில்

மச்சான்,

இன்று காலை முதிரைப் பலகை கருகியது. மரம் குடையும் ரவுட்டரின் அலகு மழுங்கினால் அந்த மணமே காட்டிக்கொடுத்துவிடும். "நிப்பாட்டு, பலகையைப் பொரிக்கிறாய்" என்று நீ சொல்வாய் என ஒரு கணம் காத்து நின்றேன். பிறகு நானே நிறுத்தினேன்.

உன் மகளின் அலுமாரிக் கதவுதான். கிண்ணியாவில் அவளுக்கென்று நீ கட்டிய வீட்டுக்குப் போக வேண்டியது. கண்ணாடி பதிக்கும் தவாளிப்பு மட்டும் மிச்சம். ஒரே தடவையில் ஆழமாக இறக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, அலகு சுற்றும் திசைக்கு எதிராகவே தள்ளுகிறேன். அதன் போக்கில் விட்டால் கையை மீறி ஓடிவிடும் என்பதை நாங்கள் இருவரும் நல்ல பலகைகளைப் பாழாக்கித்தான் படித்தோம். வெட்டுவது எனக்குக் கஷ்டமில்லை. அலகு மாற்றுவதுதான் ஏலாமல் இருக்கிறது.

துறைமுகத்தடியில் எங்கள் பட்டறைக்குக் கரண்ட் நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். ஒரு நாள் பாதி வெட்டில் போய்விட்டது. சுவிட்சை அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை. இருக்கிற நேரத்தில் அலகை மாற்றலாமென்று ஸ்பனரோடு நீ குனிந்தாய், கரண்ட் வந்துவிட்டது. ரவுட்டர் வாங்குப் பலகையிலிருந்து துள்ளி விழுந்து தரையைக் கடித்தது. உன் விரல்கள் தப்பின. நீ சிரித்தாய். நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். அதிலிருந்து, பிளக்கைக் கழற்றி மற்றவன் கையில் கொடுத்தபிறகுதான் ஸ்பனரைத் தொடுவது என்றாயிற்று.

"பிளக் உன்ர கையிலயோ?"

"ஓம், என்ர கையில."

"என்ர மனுசியின்ர கையைவிட இதைத்தான் கூடப் பிடிச்சிருக்கிறன்" என்று நான் சலித்துக்கொள்வேன். "அவ கடிக்க மாட்டா மச்சான், இது கடிக்கும்" என்பாய்.

பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். உன் மனைவி ஓதிக்கொண்டிருந்தார். கட்டில் கால் ஆடுகிறதென்று நான் கடுதாசி மடித்துக் கீழே வைத்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான். பின்னேரம் கண் திறக்காமலே கேட்டாய்: "மச்சான், பிளக் உன்ர கையிலயோ?"

என் கையில் ஒன்றுமே இல்லை. "ஓம், என்ர கையில" என்றேன். உன் முகம் இளகியது. உறங்கிப்போனாய், பிறகு எழும்பவில்லை. எதைக் கழற்றியிருந்தால் அந்தக் காய்ச்சல் நின்றிருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியாது.

இன்று பிளக்கைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது என்னிடம்தான் இருக்கிறது என்பது தெரியும். ஆனாலும் கேட்காமல் ஸ்பனரைத் தொடக் கை வரவில்லை. கேட்டேன். பட்டறையில் நான் மட்டும்தான். உன் பிள்ளையின் கல்யாணம் நெருங்குகிறது, கதவு முடிய வேண்டும்.

"ஓம், என்ர கையில" என்று நானே சொல்லிவிட்டுக் குனிந்தேன்.