அறுத்த மிளகுக்கொடி

ஆடி 4, திங்கள்
சாரல். துணி காயவில்லை, கறுப்புக் கோட்டில் பூஞ்சை வாடை. சேந்தமங்கலம் கோர்ட்டில் வாய்தா. மத்தியானம் அண்ணன் போன். நம் தோட்டத்து மிளகுக்கொடி அத்தனையையும் அடியில் அறுத்துவிட்டார்களாம். பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி பழனியின் ஆட்கள். எல்லைத் தகராறில் எஸ்டேட்டுக்கு எதிராகப் போன வாரம்தான் தடையுத்தரவு வாங்கினேன். நான் ஒன்றியக் கவுன்சிலருக்கு நிற்பதும் எஸ்டேட்காரருக்குப் பொறுக்கவில்லை. அந்த மிளகை விற்றுத்தான் அண்ணன் என்னை வக்கீலுக்குப் படிக்கவைத்தார். அறுத்தவன் கையை வெட்ட வேண்டும். இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஆடி 5, செவ்வாய்
இன்ஸ்பெக்டர் வந்தார். கீழ்நாட்டுக்காரர், மலைக்குப் புதுசு. கொடியை அண்ணாந்து பார்த்தார்.
"பச்சையாத்தானே இருக்கு? என்ன கேசு போடறது?"
அறுத்த கொடி மரத்தைப் பிடித்தபடி சில நாள் பச்சையாகவே நிற்கும். அவருக்கு எங்கே தெரியப்போகிறது. வெட்டுவாயைக் காட்டினேன். எலி கடித்திருக்கும் என்றார். வாயில் வந்ததை விழுங்கினேன்.
அண்ணனிடம்: "கொடி வாடட்டும்ணா. போட்டோ எடுத்து மறுபடி மனுக் குடுக்கலாம்."
"அதுவரைக்கும் கையைக் கட்டிட்டு நிக்கச் சொல்றியா கண்ணு?"
ஆமாம் என்றேன்.

ஆடி 7, வியாழன்
மழை விட்டது. வாங்க: மெழுகுவர்த்தி, அண்ணிக்குத் தலைவலி மாத்திரை. மலையில் குண்டனி நாட்டு ஊர்களில் ஓட்டுக் கேட்டோம். என் வழக்கமான பேச்சு: அரிவாளை வையுங்கள், மனு எழுதுங்கள், நான் இருக்கிறேன். நல்ல கைதட்டல்.
திரும்பும்போது ஜீப் மீது கல். டிரைவர் கன்னத்தில் கண்ணாடிச் சில்லு. என் சேலையெல்லாம் அவர் ரத்தம். பழனி ரோட்டோரம் நின்று சிரித்தான். "வக்கீலம்மா, மனு எழுதுங்க!"
அண்ணன் சேலையைப் பார்த்தார். ராத்திரி சாப்பிடவில்லை.

ஆடி 8, வெள்ளி
கொடியெல்லாம் கறுத்துச் சுருண்டுவிட்டது. போட்டோ எடுத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.
சாயங்காலம் கூச்சல். டீக்கடை வாசலில் பழனியை அண்ணன் வெட்டிவிட்டார். வலது கை. கடைக்காரர் சொன்னார்: "ஒரே வெட்டுங்க. கை தோலுல தொங்குச்சுங்க."
திங்கட்கிழமை நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை. அப்படியும் நடந்துவிட்டது.

ஆடி 9, சனி
வெயில். ஸ்டேஷனில் அண்ணன். அடித்திருக்கிறார்கள், முகம் வீங்கி, முன்பல் ஒன்று இல்லை. அரிவாள் எங்கே என்று மட்டும் சொல்லவில்லையாம். "உனக்கு நான்தான் வக்கீல்" என்றேன். சிரிக்கப் பார்த்தார்.
வீட்டுக்கு வந்து கோட்டை எடுத்தால், பின்னால் அதே ஆணியில் அரிவாள். என் கோட்டுக்குப் பின்னால் எவன் தேடுவான் என்று நினைத்திருக்கிறார்.
அண்ணி கை நீட்டினாள். "குடு சாமி. ஆத்துல வீசிட்டு வாரேன்."
வாசலில் போலீஸ் ஜீப். அண்ணியிடம் கொடுத்திருக்கலாம், நேரம் இருந்தது. குண்டனி நாட்டில் கைதட்டிய முகங்கள் ஞாபகம் வந்தன. இன்ஸ்பெக்டரிடம் நானே கொடுத்தேன். கைப்பற்றியதாக எழுதிய மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். இனி நான் அரசுத் தரப்புச் சாட்சி. அண்ணனுக்கு நான் வாதாட முடியாது.
அண்ணி அழவில்லை. "அவருக்கு வேற வக்கீலு பாத்துக்கறேன். நீ இனி ஓட்டுக் கேட்டுக்கூட இந்த ஊட்டுப் படி ஏறாத."
கோட்டில் ரத்தக் கறை. திங்கட்கிழமை வாய்தா இருக்கிறது.