சோப்பெண்ணெய் தெறித்த விஷயம்

சாந்தோம்,
ஆகஸ்டு 1948

அன்புள்ள மகன் வால்டருக்கு,

அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மாதா கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிச் சாப்பிடுகிறோம், பம்பாயில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கை ஆலிஸுக்கு ஆழ்வார்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது, குடையை மட்டும் மறுபடி தொலைத்துவிட்டாள். உன் அப்பா கண்ணுக்கு இப்போது ஆபத்தில்லை. இதை முதலில் எழுதிவிட்டேன், மீதியைப் பதறாமல் படி.

அப்பா வேலை பார்க்கும் அடையாறு சாயப்பட்டறைக்குப் புது பீப்பாய் ஒன்று வந்தது. சாயம் துணியில் சீராக ஏறுவதற்குத் தண்ணீரில் கலப்பார்களே, உங்கள் மில்லிலும் இருக்கிறது என்று எழுதினாயே, அந்தச் சோப்பெண்ணெய்தான். வெயிலில் கிடந்து பீப்பாய் உப்பியிருக்கிறது. மூடி திருகவில்லை என்று பட்டறை ஆள் குப்பன் சுத்தியால் ஓங்கித் தட்ட, அது பீச்சியடித்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பாவின் இரண்டு கண்ணிலும் விழுந்துவிட்டது. சோப்புதானே என்று அவர் வேட்டி முனையால் தேய்த்திருக்கிறார். தேய்த்ததும் நெருப்பு வைத்த மாதிரி ஆகி, கண்ணைத் திறக்க முடியாமல் தரையிலே உட்கார்ந்துவிட்டாராம். நான் சாப்பாட்டுக் கூடையோடு அப்போதுதான் உள்ளே நுழைந்தேன். குப்பன் என்னைப் பார்த்து, யம்மா, நைனாவுக்குக் கண்ணு பூடுச்சி என்று தலையில் அடித்துக்கொண்டான். ஜட்கா வண்டி கூப்பிடு, கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கத்தினேன்.

முதலாளி ராஜகோபாலனை உனக்குத் தெரியும். குழாயில் ஒரு சொட்டு விழுந்தாலும் திட்டுகிற மனுஷன், உன் அப்பாவும் தினம் ராத்திரி அவரைத் திட்டாமல் படுத்ததில்லை. அவர்தான் ஓடிவந்து அப்பாவைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் படுக்கவைத்தார். ஜட்கா நிக்கட்டும், முதல்ல அலம்பணும் என்று சொல்லி, தன் விரலாலேயே இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். அப்பா திமிறினார், போதும் விடய்யா என்று முதலாளியையே வைதார். அவரோ, அப்புறம் வையுங்கோ, இப்போ கண்ணைத் தொறங்கோ என்றார். சட்டையைக் கழற்றி, கழுத்து காதெல்லாம் கழுவி, ரொம்ப நேரம் கழித்துத்தான் வண்டியில் ஏற்றவிட்டார். நான் பக்கத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபத்துக்கு நடுவே தியானிக்கிற தேவ ரகசியங்களில் எதைச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இதற்குள் குப்பன், சிந்தியதைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டியிருக்கிறான். முழங்கால் உயரம் நுரை. அதில் வழுக்கி அவனும் விழுந்தான், தூக்கப் போனவனும் விழுந்தான். நுரை சாக்கடை வழியே ஆற்றுக்குப் போய்விட்டது. மீன் மெதக்குது, யாரு இன்னா ஊத்தனீங்க என்று மீன்கார கோவிந்தம்மா வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பதில் சொல்ல யாரும் நிற்கிற நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, அங்கேயே கழுவாமல் நேரே வந்திருந்தால் பார்வை போயிருக்கும் என்றார். கட்டுப் போட்டு அனுப்பினார். அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எழுதமாட்டேன். கட்டைப் பிரித்த அன்றைக்கு அப்பா என்னை மேலும் கீழும் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு இந்தக் கிழிஞ்ச பொடவையா கட்டிக்கினு வந்தே என்று கேட்டார். நான் வராந்தாவுக்குப் போய் வாய்விட்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இப்போது முதலாளியைத் திட்டுவதும் நின்றுவிட்டது. ராத்திரி வீடு வெறிச்சென்றிருக்கிறது.

வால்டர், மில்லில் கண்ணுக்குப் பாதுகாப்பாகக் கண்ணாடி கொடுத்தும் வேர்க்கிறது என்று போடுவதில்லை என எழுதியிருந்தாய். வேர்க்கட்டும். பீப்பாயைத் தட்டாதே, வெயிலில் வைக்கவிடாதே, கையுறை இல்லாமல் தொடாதே. சிந்தினால் மணலைப் போட்டு அள்ளு. கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவிக்கொண்டே இரு, பிறகுதான் டாக்டர். யாராவது தப்பித்தவறிக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கக் கூடாதாம், நுரை மூச்சுக்குழலில் ஏறிவிடுமாம். டாக்டரிடம் இதையெல்லாம் நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். இத்தனை கேட்கிறீர்களே, நீங்களும் பட்டறையிலா வேலை செய்கிறீர்கள் என்றார். இல்லை, என் பிள்ளை செய்கிறான் என்றேன்.

ஞாயிறு பூசை தவறாதே. வேளாங்கண்ணி மாதா உனக்குத் துணையிருந்து காப்பாள். அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து உடனே அனுப்பு. அழகாக விழவில்லையென்றாலும் பரவாயில்லை, பெண் வீட்டாருக்கு வேறு படம் காட்டிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ஃப்ளோரன்ஸ் பவுல்சாமி