நீலமும் ரோசும் இல்லாத பெட்டி

அக்கா,

உன் றங்குப்பெட்டி இன்று மத்தியானம் திரும்பி வந்துவிட்டது. கிளிநொச்சியிலிருந்து வரும் பஸ்ஸில் யாரோ தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். ஓட்டோக்காரர் அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "உள்ளுக்கை என்ன, பாரமே இல்லை" என்றார். மூடியைத் திறந்தேன். காய்ந்த வேப்பிலை மணம் முகத்தில் அடித்தது. நீ போன பிறகு அந்த மணத்துக்கு எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். இன்று அழுகை வரவில்லை, கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மஞ்சள் நுளம்பு வலை, மஞ்சள் துவாய்கள், இலைப் பச்சைச் சட்டைகள், பின்னல் தொப்பி எல்லாம் நான் மடித்து வைத்துவிட்டு வந்தபடியே கிடக்கின்றன. ஒன்றையாவது விரித்துப் பார்த்த அடையாளம் இல்லை. அடியில் நான் வைத்த வெள்ளை ஞானஸ்நானச் சட்டையை மட்டும் காணவில்லை. நீ உன் கையால் தைத்த சட்டை! எறிந்துவிட்டார்களா, நிலம் துடைக்கப் போட்டுவிட்டார்களா, யாருக்குத் தெரியும்? உன்னிடம் சொல்லாமல் இதை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில் நீ இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தாய். தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். உன் மூத்தவள் டிலானிக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. அவள் குழந்தையாக இருந்தபோது போட்ட ஒரு துணிகூட மிஞ்சவில்லை; ஓடிய வழியெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வந்தோம். நாங்கள் மூவரும் முல்லைத்தீவுக் கடைத்தெருவில் முஸ்லிம் நானா ஒருவரின் புடவைக்கடைக்குப் போனோம். அவரும் ஊர்விட்டு ஊர் அலைந்து அப்போதுதான் திரும்பி வந்து கடையைத் திறந்திருந்தார். மேசையில் ஒரு பக்கம் ரோஸ் நிறச் சட்டைகளையும் மறுபக்கம் நீலச் சட்டைகளையும் அடுக்கினார்.

"தங்கச்சி, ஆம்பிளைப் பிள்ளையோ பொம்பிளைப் பிள்ளையோ எண்டு சொன்னால்தானே எடுத்துத் தரலாம்."

"வயித்துக்குள்ள கிடக்கிறதை நான் ரோச் லைற் அடிச்சே பாத்தனான், நானா? நடுவிலை ஒண்டும் இல்லையோ?"

அவர் சிரித்துக்கொண்டு பின் தட்டிலிருந்து மஞ்சளையும் பச்சையையும் இறக்கினார். மஞ்சளில் ஒரு துவாய்க்குச் சிவப்புக் கரை. நல்ல வடிவு. நீ அதைத்தான் முதலில் தொட்டாய். அவர் மெல்ல இழுத்துக்கொண்டார். "இது வேண்டாம் தங்கச்சி. மஞ்சளும் சிவப்பும். சென்ரியிலை மறிச்சுக் கேட்டால் என்ன சொல்லுவியள்?" இந்த மண்ணில் அந்த இரண்டு நிறமும் சேர்ந்தால் எந்த இயக்கத்தின் கொடி நினைவுக்கு வரும் என்று உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிறக்காத பிள்ளையின் துவாய்க்கும் காவலரணில் விளக்கம் சொல்லவேண்டிய காலம். நீ கரையில்லாத மஞ்சள் துவாய்களையும் ஒரு மஞ்சள் நுளம்பு வலையையும் எடுத்தாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உன்னோடு சண்டை பிடித்தேன். ரோஸ் நிறச் சட்டை எவ்வளவு வடிவாக இருந்தது, ஏன் விட்டாய் என்று கேட்டேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாய்: "எடி, நாங்கள் ரெண்டு பேரும் அண்ணன்ர சேட்டைப் போட்டுத்தானே வளர்ந்தம். ஆராவது சிரிச்சவையோ? அண்ணனுக்கு எங்கட சட்டை ஒண்டைப் போட்டு ஒழுங்கையிலை விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆம்பிளை போட்டதைப் பொம்பிளை போடலாம். பொம்பிளை போட்டது எண்டால் ஆம்பிளைக்குத் தீட்டு. இவையின்ர வியாதி நிறத்திலை இல்லையடி."

டிலானி உன் மடியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

உனக்குப் பெடியன் பிறந்தான். அதன் பிறகு அந்தத் துணிகள் வைத்த பெட்டி எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் நிலையாக இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பெட்டை, அவளின் தங்கைக்குப் பெடியன், பிறகு எனக்கு மகன். கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே மஞ்சள், ஒரே பச்சை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்க வசதி இருக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒன்றும் இல்லாத நாளில் எந்த நிறமும் நல்ல நிறம். கையில் நாலு சாமான் சேர்ந்தவுடன்தான் இவர்களுக்கு ஆண் நிறமும் பெண் நிறமும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது!

என் மகன் பிறந்து ஆஸ்பத்திரியால் வந்த அடுத்த நாள் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? ஜன்னலோரம் உன் மஞ்சள் வலைக்குள் பிள்ளையை வளர்த்தியிருந்தேன். நல்ல வெயில். பார்க்க வந்த பெரியம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ மாதாவே, பிள்ளைக்குச் செங்கமாரி!" என்று குழறினாள். மஞ்சள் காமாலை என்றதும் வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முகம் மஞ்சள், கை மஞ்சள், கால் மஞ்சள். நான் விழுந்து புரண்டு அழ, யாரோ சைக்கிளில் ஓடிப்போய் மிட்வைஃப் மிஸ்ஸைக் கூட்டிவந்தார்கள். அவா வந்து வலையைத் தூக்கினா. உள்ளே பிள்ளை நல்ல மாநிறமாகப் படுத்துக்கொண்டு கொட்டாவி விட்டது. "வலைக்குத்தான் செங்கமாரி" என்று சொல்லிவிட்டு அவா போனா. நீ குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட முடியாமல் சிரித்தாய். அன்று முழுக்க யார் வந்தாலும், "வலையைத் தூக்கிப் பாருங்கோ, பிள்ளை நிறம் மாறும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அந்தப் பகிடி எங்கே போய் முடிந்திருக்கிறது என்று சொல்கிறேன், கேள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், உன் குரல் அடங்கிப்போன கடைசி நாட்களில், நீ நகையைப் பற்றிக் கதைக்கவில்லை, காணியைப் பற்றிக் கதைக்கவில்லை. "டிலானியின்ர பிள்ளை அந்த வலைக்குள்ள கிடக்கோணும். ஆம்பிளையோ பொம்பிளையோ, அதைப் பற்றி ஒண்டுமில்லை. நீதான் கொண்டுபோய்க் குடுக்கோணும்" என்றாய். ஓம் என்றேன். ஒரு நுளம்பு வலையைக் கொண்டுபோய்க் கட்டுவதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

டிலானிக்கு மகன் பிறந்திருக்கிறான், அக்கா. உன் மூக்கு. போன கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனேன். அவளின் மாமியார் கெட்ட மனுசி இல்லை, அதையும் சொல்லவேண்டும். எனக்குச் சோறு போடாமல் விடவில்லை. ஆனால் அந்த அறை! திரைச்சீலை நீலம், மெத்தை நீலம், வலை நீலம், பால்போத்தல் மூடியும் நீலம். ஸ்கான் எடுத்த அன்றே வெளிநாட்டிலிருக்கும் சொந்தங்களுக்குச் சொல்லி எல்லாம் வரவழைத்தாயிற்றாம். இப்போது உண்மையாகவே ரோச் அடித்துத்தான் பார்க்கிறார்கள்.

நான் வலையை விரித்தேன். மாமியார் முகம் சுளித்தா.

"குறை நினையாதையுங்கோ. ஆம்பிளைப் பிள்ளைக்கு மஞ்சளோ? பொம்பிளைப் பிள்ளையள் போட்டதெல்லோ இது. அதோட உங்கட ஒழுங்கையிலை ஒரு பிள்ளைக்கு இந்த மஞ்சளாலை செங்கமாரி வந்ததாமே?"

நீ சிரித்த பகிடி பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய் வியாதியாக மாறிவிட்டது!

"அது என்ர பிள்ளைதான். இப்ப கடற்கரையிலை பந்தடிச்சுக்கொண்டு நிக்கிறான். வந்து பாருங்கோ, எங்கையாவது மஞ்சள் ஒட்டியிருக்கோ எண்டு" என்றேன். "சரி, அடுத்தது பொம்பிளைப் பிள்ளை எண்டால் இந்த நீலமெல்லாத்தையும் எறிவியளோ?"

"ஏன் எறியிறது? பொம்பிளைப் பிள்ளை நீலம் போட்டால் என்ன, அண்ணன்ரதுதானே."

கேட்டாயா அக்கா? நீ பஸ்ஸில் சொன்னது அப்படியே அந்த மனுசியின் வாயால் வந்தது. இன்னும் பிறக்காத ஒரு பெட்டைக்கு அவள் அண்ணன் கழித்ததை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்கள். டிலானியைப் பார்த்தேன். அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். உன் வயிற்றில் பிறந்தவள் இப்படி ஊமையாக இருக்கிறாளே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தைக் கண்டேன். வெளிநாட்டுச் சொந்தம் பத்திரமாக வைத்திருந்து பிரதி எடுத்து அனுப்பியது. சுருக்குச் சுருக்காக லேஸ் வைத்த வெள்ளைக் கவுண், ரிபன் கட்டின தொப்பி, குண்டுக் குழந்தை.

"ஆர், உங்கட மூத்த மகளோ? நல்ல வடிவு."

"இல்லை, அது என்ர மகன், உங்கட மருமகன்தான். ஞானஸ்நானத்தண்டைக்கு எடுத்தது."

"கவுண் ஆரின்ர?"

மாமியார் கொஞ்சம் தடுமாறினா. "அது... மூத்தவளின்ர."

"பிறகு அவர் பொம்பிளைப் பிள்ளை மாதிரி வளர்ந்தவரோ?"

டிலானியின் புருஷன் வாசலில் மோட்டார்சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். மீசையும் முறுக்குமாக நல்ல ஆம்பிளை. மாமியார் தேத்தண்ணி போட எழும்பிப் போனா. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். மடைச்சி நான். இன்று மத்தியானம் பெட்டி திரும்பி வந்து நிற்கிறது.

போனை எடுத்து நல்ல கிழி கிழிக்கலாம் என்றிருந்த நேரம், டிலானியே கோல் எடுத்தாள்.

"சித்தி, பெட்டி வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. அம்மாவின்ர வெள்ளைச் சட்டை எங்கையடி?"

"மாமி எடுத்து அலுமாரிக்கை வைச்சிருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை பிள்ளைக்கு அதைத்தான் போடப் போறாவாம்."

எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. "ஓகோ! கோயிலுக்கு எங்கட சட்டை ஆகும், வீட்டுக்கு எங்கட வலை ஆகாதோ? அந்தச் சட்டையைப் போட்ட பொம்பிளைப் பிள்ளையள் எத்தினை பேர் எண்டு தெரியுமோ உன்ர மாமிக்கு?" என்று தொடங்கி நான் பாட்டுக்குக் கத்தினேன். நான் ஓய்ந்தபிறகு டிலானி மெதுவாகச் சொன்னாள்.

"நான் குளிக்கப் போன நேரம் பெட்டியை அனுப்பிப்போட்டா, சித்தி. ஞாயிற்றுக்கிழமை வரேக்கை திருப்பிக் கொண்டு வாங்கோ. வலையை நான் கட்டுறன்."

பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. ஆம்பிளைப் பிள்ளைக்கு மஞ்சள் வலையோ, எத்தனை தரம் சொல்வது என்று.

டிலானி போனைப் பொத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"ஏன் மாமி, நுளம்பு நிறம் பாத்தே கடிக்குது?"

அக்கா, அந்த இழுவை உன் இழுவை. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காத அந்த அலட்சியமும் உன்னுடையதுதான். நானாவின் கடையில் நின்று நீதான் கேட்டதுபோல இருந்தது. மறுபக்கத்தில் பிள்ளை மட்டும் சிணுங்கியது.

வேப்பிலை புதிதாகப் பறித்துக் காயப் போட்டிருக்கிறேன். வலையில் ஒரு மூலை நைந்திருந்தது, தைத்துவிட்டேன். மஞ்சள் நூல் இருந்தது. இந்த முறையும் பெட்டியை யாரிடமும் கொடுத்துவிடப் போவதில்லை. ஞாயிறு காலமை முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நானே போகிறேன். மாமியார் இன்னொரு தரம் செங்கமாரி என்று வாய் திறக்கட்டும், பார்க்கிறேன். உன் வாய் உன் மகளுக்குப் போய்விட்டது. எனக்கு விட்டுப்போனது இந்தப் பெட்டியைத் தூக்கும் வேலைதான். அடுத்த பிள்ளை பிறக்கும் வீடு எதுவென்று தெரியவில்லை, தெரிந்ததும் அங்கேயும் தூக்கிக்கொண்டு போவேன்.