என் நீலப் பம்பை ஒழுங்கையே அடித்துத் தீர்த்தது தொடர்பாக

அனுப்புநர்:
திருமதி ஹிதாயா பதுர்தீன் (தையல் தொழில்),
இல. 17/4, மில் ஒழுங்கை,
அலுவிகாரை, மாத்தளை.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை,
மாத்தளை.

விடயம்: எனக்கு வழங்கப்பட்ட ஆஸ்துமா இன்ஹேலரை அயலவர்கள் பயன்படுத்தியமையும், எனது கணவர் அதற்கு உடந்தையாக இருந்தமையும்

கனம் ஐயா,

1. ஆறு வருடங்களாக ஆஸ்துமாவுக்குக் கிளினிக்கில் மருந்து எடுத்து வருகிறேன். மூச்சு முட்டும்போது மட்டும் அடிப்பதற்கென நீல நிற இன்ஹேலர் ஒன்றும் தந்திருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகிய தெரு முழுவதிலும், அதற்குப் பெயர் பம்ப். ஏணியையும் குடையையும் இரவல் கொடுத்துப் பழகிய என் கணவர் பதுர்தீன், இந்தப் பம்பையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார் என்பதே எனது முறைப்பாடு. நான் தடுத்தபோதெல்லாம் அவர் சொன்ன பதில்: "ரெண்டு அடிதானே புள்ள, தேஞ்சா போகப்போகுது?"

2. வாங்கியவர்களின் விபரம் வருமாறு. மூன்றாம் வீட்டு சதீஸ்குமார், கரப்பந்தாட்டத்துக்கு முன் தெம்புக்காக அடிப்பவர். எதிர்வீட்டு சிவநந்தினி, தொண்டைக்கட்டுக்காக நாக்கின் மேல் அடித்துவிட்டுக் கசக்கிறது என்று குறையும் சொன்னவர். மிளகாய் மில்லில் வேலை செய்யும் அழகாயி அக்கா, இருமலுக்கென்று வாரம் மூன்று நான்கு தடவை.

3. ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் சிவஞானம் ஐயாவைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அவர் இருதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர். மலைக் கோயிலுக்குப் போகுமுன் ஒரே மூச்சில் நான்கு அடி அடித்தார். கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, எங்கள் வாசலில் உட்கார்ந்து, "என் சைக்கிள பதுர்தீனுக்கே குடுத்துருங்க" என்று எல்லார் முன்னிலையிலும் மரணசாசனம் சொன்னார். நல்லவேளையாக முக்கால் மணித்தியாலத்தில் படபடப்பு அடங்கியது. உடனே கீழே படியடியில் நிறுத்தியிருந்த அதே சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

4. இவையெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தன, கடந்த 12ஆம் திகதி வரை. அன்று பின்னேரம் நாலு மணியளவில் மில்லில் மிளகாய் அரைத்தார்கள். கலியாணச் சட்டையொன்றை வெட்டிக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு இறுகியது. பம்ப் வைக்கும் தையல் மெஷின் லாச்சியை இழுத்துத் திறந்தேன். பம்ப் இல்லை. என் கணவர் விளையாட்டு மைதானத்துக்கு ஓடி, சதீஸ்குமாரின் பையிலிருந்து அதை எடுத்து வந்தார். அடித்தேன். சத்தம் வந்தது, மருந்து வரவில்லை. மறுபடி அடித்தேன், அதுவேதான். எனக்கு ஒரு சொல்லும் பேச முடியவில்லை.

5. மில் முதலாளி ரவூப் நானா மில்லை நிறுத்திவிட்டு 1990 அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தார். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னார்கள். அம்பியூலன்ஸ் வரும்வரை என் கணவர் முதுகோடு முதுகு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

6. வைத்தியசாலையில் மூச்சு சீரான பின் தாதி ஒருவர் விசாரித்தார். இருநூறு அடியில் நான் அடித்தது அறுபத்திநான்கு என்றேன். லாச்சியின் உட்புறத்தில் தையல் சோக்கால் கோடு போட்டு வைத்திருந்தேன். "அப்ப மிச்சத்த யாரு அடிச்சது?" என்றார். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

7. பிறகு அந்தத் தாதி, நான் அடிக்கும் விதத்தைச் செய்து காட்டச் சொன்னார். ஐயா, இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: ஆறு வருடமாக நானும் பிழையாகவே அடித்திருக்கிறேன். குலுக்கியதில்லை. மூச்சை வெளியே விட்டுவிட்டு, உதட்டால் இறுக்கிக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டுமாம். பின் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டுமாம். நான் முதலில் அழுத்திவிட்டு, அதன் பிறகே ஆறுதலாக மூச்சை இழுத்திருக்கிறேன். பாதி மருந்து என் கன்னத்துக்கே போயிருக்கிறது. ஆகவே குற்றவாளிகள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளவும்.

8. வீடு திரும்பியதும் எல்லாருக்கும் பம்ப் நிறுத்தப்பட்டது. சதீஸ்குமார் அது இல்லாமலே விளையாடுகிறார். சிவநந்தினி கொத்தமல்லி குடிக்கிறார். அழகாயி அக்காவுக்குத்தான் இரண்டாம் நாளே மூச்சிழுப்பு வந்தது. அப்போதுதான் விளங்கியது, அவருக்கு வெறும் இருமல் இல்லையென்று. கிளினிக்குக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "நோயின்னு தெரிஞ்சா மில்லுல நிப்பாட்டிருவாங்கம்மா. ஒங்க வீட்டுல அடிச்சா யாருக்குந் தெரியாதுல்ல" என்றார். வேலையை விட்டு நிறுத்தமாட்டேன் என்றும், பொதி கட்டும் அறைக்கு மாற்றுவதாகவும் விடயமறிந்த ரவூப் நானா வாக்களித்திருக்கிறார். அக்கா இன்னும் நம்பவில்லை.

9. எனவே, தாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கைக்கு ஓர் உத்தியோகத்தரை அனுப்பி, பம்ப் யாருக்குரியது, எப்படி அடிப்பது, எப்போது அடித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதைச் சொல்லித்தர வேண்டும். செய்து காட்ட வெற்றுப் பம்ப் ஒன்று என்னிடம் உண்டு. என் கணவரை முன்வரிசையில் இருத்துவது என் பொறுப்பு. அதற்கும் முன்பாக அழகாயி அக்காவைப் பரிசோதிக்க ஒழுங்கு செய்து தரும்படி மிகவும் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

10. மேலே பெயர் கூறப்பட்ட அனைவரும் இம்மனுவை வாசித்துக் கேட்டுக் கையொப்பமிட்டுள்ளனர். ஐந்தாவது கையொப்பம் கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். அது அழகாயி அக்காவுடையது. எங்கள் வீட்டுக்கு முப்பத்திரண்டு படி ஏற வேண்டும். அவரால் இப்போது பன்னிரண்டாவது படிக்கு மேல் வர முடியவில்லை. தாளை நாங்கள்தான் கீழே கொண்டுபோனோம்.

இடம்: அலுவிகாரை
திகதி: 2025.08.19

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
ஹிதாயா பதுர்தீன்