சிங்கப்பூருக்குக் குடிபோன பரண்

21 ஜூன் 2010, திங்கள்

காலையிலிருந்து புஷ்பவள்ளி என்னோடு பேசவில்லை. காரணம் ஃபேன்.

எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு டேபிள் ஃபேன். நியாயப்படி அது கட்டிலைப் பார்க்க வேண்டும். ஆறு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் பரண் டாட் காம் குடியிருக்கிறது. நானும் இவளுடைய தம்பி சிலம்பரசனும் நடத்தும் பழைய சாமான் சந்தை. சூடானால் அது நின்றுவிடும். சூடானாலும் புஷ்பா நிற்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

"அந்தப் பொட்டிக்குக் காத்து, எனக்கு வேர்வை. பேசாம அதையே கட்டியிருக்கலாம் நீங்க" என்றாள். பேசாமல் இருப்பதற்கு முன்னால் கடைசியாகப் பேசியது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை மூடியபோது பதினோரு மெஷின்களை யார் தலையில் கட்டுவது என்று விழித்தேன். சிலம்பு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டான். சும்மா இருக்க மாட்டாமல் ஒவ்வொரு மெஷினுக்குக் கீழும் அதன் குறையை ஒரு வரியில் எழுதிவைத்தேன். ஒரே வாரத்தில் பதினொன்றும் போய்விட்டன. அன்று பிடித்த பைத்தியம். இன்று சிதம்பரம், பண்ருட்டி, திட்டக்குடி என்று மூவாயிரம் சாமான். விற்கிறவர் பெருமையை எழுதுவார். நான் அவருக்குப் போன் போட்டு வாயைக் கிளறி, குறையைப் பிடுங்கி எழுதுவேன். இதற்குக் 'குறை வரி' என்று பெயர்.

முப்பது வருஷமாகப் பத்திரிகைகளுக்குத் துணுக்கு அனுப்பி, திரும்பி வந்த கவர்களை அடுக்கிவைத்திருக்கிறேன். தினம் நாலாயிரம் பேர் படிக்கிற என் எழுத்து இது ஒன்றுதான். நாற்பத்தொன்பது வயதில் கிடைத்த புகழ். இதற்காக ஒரு மனுஷி வேர்க்கக் கூடாதா?

27 ஜூன், ஞாயிறு

சிலம்பு சிதம்பரத்திலிருந்து வந்தான். மீன் குழம்பு சாப்பிட்டான். பிறகு குண்டைப் போட்டான்.

"மாமா, வர்ற போகிக்கும் சைட்டு நின்னுபோய் விழுந்துச்சுன்னா கடைய மூடிடுவேன். மெட்ராசுல வேலை ரெடியா இருக்குது. போயிடுவேன்."

எங்கள் தொழிலுக்குப் போகிதான் தீபாவளி. பழையதைக் கழிக்கும் நாளில் ஊரே பழையதைப் பரணில் போடுகிறது. சென்ற போகிக்குக் காலை ஒன்பது மணிக்கே கம்ப்யூட்டர் கொதித்தது. நான் பதறிப்போய், ஜுரம் வந்த பிள்ளைக்குப் போடுவதுபோல ஈரத்துணி போட்டேன். அதன்பிறகு அது இரண்டு நாள் கண் திறக்கவில்லை. சிலம்பு இதை இன்னும் மன்னிக்கவில்லை.

"க்ளவுடுக்கு மாத்திடலாம் மாமா."

"அப்டின்னா இன்னா மச்சான்?"

சிங்கப்பூரில் ஒரு கம்பெனி ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கிவைத்து வாடகைக்கு விடுகிறதாம். நாமே ஒரு பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டாம். கல்யாணப் பந்தி மாதிரி என்றான். ஆள் வர வர இலை போடுவார்கள். ஆள் குறைந்தால் இலையைச் சுருட்டிவிடுவார்கள். போகியன்று பத்து கம்ப்யூட்டர், மறுநாள் ஒன்று.

இலை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த புஷ்பாவுக்கு வேறு ஒன்று புரிந்தது. "குடி மாத்தறீங்களா? நாள் பாக்காம எதையும் நகத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

18 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. நகரக் கூடாது என்று உத்தரவு. கம்ப்யூட்டர் அடங்கிக் கிடக்கிறது. நானும்.

22 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி நல்ல மாதம்தான். ஆனால் அண்ணாமலை நகரில் யுனிவர்சிட்டிக்குப் புதுப் பிள்ளைகள் வந்து இறங்கியிருக்கிறார்கள். மெத்தை, பக்கெட், சைக்கிள் என்று பரணில் அடிதடி. "இப்ப கை வச்சா அவ்ளோதான் மாமா, ஓடற பஸ்ஸுல டயர் மாத்தறாப்ல" என்றான் சிலம்பு. அப்படியும் இந்த வாரம் இரண்டு முறை விழுந்தது.

ஒரு சைக்கிளுக்கு எழுதினேன்: 'பிரேக் உண்டு. அவசரத்துக்கு அல்ல.' உடனே விற்றது.

பண்ருட்டி சிங்காரம் போனில் சண்டை. முந்திரி மண்டி வைத்திருக்கிறார். வீட்டு சோபாவை விற்கிறார். நான் எழுதியது: 'நடுவில் பள்ளம். இரண்டு ஓரமும் உட்கார்ந்தால் நடுவில் சந்திப்பீர்கள். சண்டை போட்ட தம்பதிக்கு ஏற்றது.'

"யோவ், என் வீட்டு சண்டை ஒனக்கு எப்டிய்யா தெரியும்?"

தெரியாது. இப்போது தெரியும். புஷ்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

19 செப்டம்பர், ஞாயிறு

புரட்டாசி. மறுபடி தடை.

சிலம்பு போனில் கத்தினான். "அக்கா, அது வீடு இல்ல. வெறும் ஃபைலு!"

"மூவாயிரம் வீட்டு சாமான் அதுக்குள்ள கெடக்குது. வீடு இல்லன்றியா?"

அவன் தோற்றான். நானும்தான். இருபத்திரண்டு வருஷமாகத் தோற்கிறேன்.

8 நவம்பர், திங்கள்

தீபாவளி முடிந்தும் மழை விடவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்ததில் பரண் மூன்று முறை விழுந்தது. சிலம்பு தணிந்த குரலில் பேசினான், அதுதான் பயமாக இருக்கிறது. "மெட்ராசிலேர்ந்து மறுபடி கூப்ட்டாங்க மாமா. பொங்கலுக்கு அப்பறம் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

அவன் போனால் பரண் போகும். பரண் போனால் நான் மறுபடி தபால்காரரை எதிர்பார்க்கும் ஆள்.

புஷ்பாவின் காலில் விழாத குறை. காலண்டரை எடுத்தாள். மார்கழிக்கு முன்னால் கார்த்திகைக் கடைசி ஞாயிறு, டிசம்பர் பன்னிரண்டு, காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால். "சரி, பால் எங்க காய்ச்சறது?"

புது வீட்டில்தானே காய்ச்ச வேண்டும்? புது வீடு சிங்கப்பூரில் இருக்கிறது.

5 டிசம்பர், ஞாயிறு

ஆள் கிடைத்துவிட்டது. புஷ்பாவின் வடலூர்ச் சித்தி மகன் அருள்முருகன், சிங்கப்பூரில் ஆறு வருஷமாக வேலை. போனில் விஷயத்தைச் சொன்னதும் பதறினான்.

"அக்கா, நான் இன்னா அந்தக் கம்பெனி வாசல்ல அடுப்பு வைக்கறதா?"

"ஒன் ரூமுலயே காய்ச்சுடா. ஊரு ஒண்ணுதான?"

அடுத்த சிக்கலை அவனே கிளப்பினான். இங்கே ஏழே முக்கால் என்றால் அங்கே பத்தே கால். எந்த ஊர் நல்ல நேரம்? சிலம்பு தலையில் கைவைத்தான். புஷ்பா அசரவில்லை. "சாமான் எங்கேர்ந்து கெளம்புதோ அந்த ஊரு நேரம்." உச்ச நீதிமன்றம்கூட இவ்வளவு விரைவாகத் தீர்ப்புச் சொல்லாது.

12 டிசம்பர், ஞாயிறு

நடந்துவிட்டது.

கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். ஸ்பீக்கர் போனில் அருள்முருகன். "பொங்குதாடா?" "இல்லக்கா." "பொங்குதா?" "சிம்முல வச்சிருக்கேன்க்கா, ரூம்மேட்டு தூங்கறான்." "ஜாஸ்தி பண்ணுடா!" பிறகு ஒரு அலறல். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததில் ரூம்மேட் எழுந்து வந்து ஏதோ மொழியில் வாழ்த்தினார். புஷ்பாவுக்கு முகமெல்லாம் பல்.

சிலம்பு பட்டனைத் தட்டினான். புது வீட்டுக்கு முதலில் சாமி படம் போக வேண்டும் என்பதால் சிதம்பரம் கீழ வீதிக்காரர் ஒருவர் விற்கப் போட்டிருந்த நடராஜர் படம் முதலில் போயிற்று. அடுத்து ஒரு உப்பு ஜாடி. அடுத்து குத்துவிளக்கு. அப்புறம் மற்ற மூவாயிரமும், சிங்காரத்தின் சோபா உட்பட. மதியம் இரண்டு மணிவரை ஓடியது.

கடைசியில் புஷ்பா தம்பியின் காதோரம் சொன்னாள். "பழைய வீட்ட தொடச்ச மாதிரி காலி பண்ணக் கூடாதுடா. எதனா ஒண்ண விட்டுட்டு வா." அவன் தலையாட்டினான். எதை விட்டான் என்று நான் கேட்கவில்லை.

13 டிசம்பர், திங்கள்

கேட்டிருக்க வேண்டும்.

காலையில் பரணைத் திறந்தேன். மின்னல் மாதிரி திறக்கிறது. சைக்கிள் இருக்கிறது, சோபா இருக்கிறது. குறை வரி? ஒன்று — ஒன்றுகூட இல்லை! மூவாயிரத்தில் ஒன்று இல்லை!

சிலம்புக்குப் போன் போட்டேன். "டேய், என் வரி எங்கடா?"

"அக்காதான் எதனா விட்டுட்டு வரச் சொல்லுச்சு மாமா."

"அதுக்கு?"

"எது இல்லன்னாலும் சைட்டு ஓடுமோ, அதத்தான் விட்டேன்."

எது இல்லன்னாலும். எழுதிப் பார்த்தால் இன்னும் வலிக்கிறது.

சரி, திரும்ப எடு என்றேன். புஷ்பா குறுக்கே வந்தாள். விட்டதை உடனே போய் எடுக்கக் கூடாதாம், அடுத்து வரும் மார்கழியிலும் கூடாதாம். தை பிறக்கட்டுமாம். புதிதாக எழுதலாம் என்றால் புது வீட்டில் அதற்கு இடமே கட்டவில்லையாம் அவன். பழைய கம்ப்யூட்டரை அணைத்தாயிற்று. ஃபேன் கட்டில் பக்கம் திரும்பிவிட்டது. எனக்குத்தான் வேர்க்கிறது.

29 டிசம்பர், புதன்

இன்றும் விழவில்லை. கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

14 ஜனவரி 2011, வெள்ளி

இதை நேர்மையாக எழுத வேண்டும். விடிகாலையில் தெருவில் போகி மேளச் சத்தமும் புகையுமாக இருந்தபோது நான் சாமியிடம் வேண்டியது என்ன? பரண் விழக் கூடாது. ஆனால் ஒரே ஒரு பத்து நிமிஷம் விழுந்தால்? நான் இல்லாமல் ஓடாது என்று காட்ட? சிலம்பு மெட்ராசுக்குப் போகாத அளவுக்கு, சின்னதாக?

சீ. என்ன மனுஷன் நான்.

ஏழு மணிக்குச் சிலம்பு கூப்பிட்டான். "மாமா, ஒண்ணு மூணாச்சு!" எட்டரைக்கு: "ஆறாச்சு மாமா! இல போட்டுக்கிட்டே இருக்கான்!" ஒன்பது மணி தாண்டியது. போன வருஷம் நான் ஈரத்துணி போட்ட நேரம். பரண் விழாமல் நின்றது. எனக்கு ஒரு கண்ணில் சந்தோஷம்.

பத்து மணிக்கு முதல் போன். சிதம்பரம் தில்லையம்மாள், இட்லிக் கடை வைத்திருப்பவர். "தம்பி, இந்த பீரோவுல இன்னா கோளாறு?"

"போடலம்மா."

"கோளாறு இன்னான்னே தெரியாம எப்டி வாங்கறது?"

அடுத்து திட்டக்குடி கண்ணாயிரம். "சார், குறை போடலன்னா ஏதோ பெரிய குறைன்னு அர்த்தம். எதுக்கு மறைக்கறீங்க?" அடுத்து ஒன்று. அடுத்து ஒன்று. எங்கள் இரண்டு நம்பரும் விடாமல் அடித்தன. நடுவில் கூப்பிட்ட சிலம்பின் குரல் இறங்கிவிட்டது. "மாமா, லட்சம் பேரு பாக்கறாங்க. ஒருத்தனும் வாங்க மாட்டேன்றான். அங்க வந்து வரியெல்லாம் எடுத்து அனுப்பட்டுமா?"

"இன்னும் மார்கழி முடியல" என்றாள் புஷ்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அடியேய், நாளைக்கு ஒந்தம்பி மெட்ராசுல இருப்பான்டி!"

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து பழைய கம்ப்யூட்டரின் ஸ்விட்சைத் தட்டினாள்.

"எடுக்கத்தான கூடாது. பாத்துப் படிக்கலாம்ல?"

தன் கையாலேயே ஃபேனை அதன் பக்கம் திருப்பினாள். தரையில் உட்கார்ந்து ஒரு போனை எடுத்துக்கொண்டாள். "சொல்லும்மா, பீரோவா? இருங்க. 'பூட்டு நன்றாகப் பூட்டும். திறக்க மட்டும் பூட்டியவரே வர வேண்டும்.'" படித்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கம் தில்லையம்மாளும் சிரிப்பது எனக்குக் கேட்டது. சோபா வரியைப் படித்தபோது புரையேறித் தண்ணீர் குடித்தாள்.

முப்பது வருஷத் துணுக்குகளில் இவள் ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது. படித்தும் சிரிக்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

நான் ஒரு போன், அவள் ஒரு போன். சாயங்காலம் ஆறு வரை. எனக்குத் தொண்டை போய்விட்டது. அவளுக்குப் போகவில்லை. என் வரியில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

15 ஜனவரி, சனி

தை பிறந்தது. வரியெல்லாம் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. மறுபடி பால் காய்ச்சச் சொன்னதற்கு அருள்முருகன் போனை வைத்துவிட்டான்.

மெட்ராசுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டானாம் சிலம்பு. போகிற போக்கில் பொங்கலை வழித்து நக்கிக்கொண்டே சொன்னான்.

4 மே 2011, புதன்

கத்திரி வெயில் ஆரம்பம்.

காலையில் பரணில் ஒரு புதுச் சாமான். எங்கள் பழைய கம்ப்யூட்டர். போட்டவர்: புஷ்பவள்ளி. என்னைக் கேட்கவே இல்லை. குறை வரியும் அவளே எழுதியிருக்கிறாள்: 'பக்கத்தில் ஆள் படுத்தால் காற்றைப் பிடுங்கிக்கொள்ளும்.'

மதியத்துக்குள் பதினேழு போன். என் வரி எதற்கும் ஒரே நாளில் இத்தனை வந்ததில்லை. வடலூரிலிருந்து ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு போனார். போகும்போது, "எழுதனவரு யாருங்க?" என்று சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையைத் தூக்கினாள்.

"மாமா, பீரோ கட்டில் எல்லாம் இனிமே அக்கா எழுதட்டும். நீங்க சைக்கிள் மட்டும் பாத்துக்கங்க" என்றான் சிலம்பு.

கட்டிலில் படுத்தபடி அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஃபேன் முழுதும் அவள் பக்கம். யோசிக்கிறவருக்குக் காற்று வேண்டுமாம்.

திரும்பி வந்த கவர் ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டிருக்கிறேன். நல்ல கெட்டிக் காகிதம்.